நூறில் பதினாறு: கொலராடோ ஆற்றின் மிச்சக் கணக்கு

காவிரிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு அமெரிக்காவின் கொலராடோ ஆற்றைப் புரிந்துகொள்ள ஒரு பெருக்கல் போதும். அங்கே நீரை ஏக்கர் அடியில் அளக்கிறார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், அதாவது 43,560 கன அடி. பத்து லட்சம் ஏக்கர் அடி என்றால் 43.56 டி.எம்.சி. ஏழு மாநிலங்களும் மெக்சிகோவும் பங்கு போட்டுக்கொண்ட கொலராடோ நீர் ஆண்டுக்கு மொத்தம் 1.65 கோடி ஏக்கர் அடி. நம் அளவையில் சுமார் 719 டி.எம்.சி. காவிரி நடுவர் மன்றம் 2007இல் பங்கிடுவதற்கு எடுத்துக்கொண்ட மொத்தம் 740 டி.எம்.சி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஆறுகள். கொலராடோவை நம்பி நாலு கோடிப் பேரும் சுமார் 55 லட்சம் ஏக்கர் பாசனமும் இருக்கிறார்கள்.

அந்த 719 காகிதத்தில்தான் இருக்கிறது. கடந்த நூற்றாண்டில், 1906 முதல் 1999 வரை, ஆற்றின் சராசரி இயற்கை வரத்து 660 டி.எம்.சி. அளவில் இருந்தது. 2000க்குப் பிறகு வந்த சராசரி சுமார் 540. இந்த மூன்று எண்களுக்கும் இடையில் இரண்டு பள்ளங்கள் உள்ளன. முதல் பள்ளம் மனிதர்கள் எழுதிய கணக்குப் பிழை. இரண்டாவதில் கணிசமான பங்கு வெப்பத்துக்கு உரியது. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ‘வறட்சி’ என்று எழுதிவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்காமல் எதையும் சரிசெய்ய முடியாது.

முதல் பள்ளத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1922 நவம்பர் 24 அன்று நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேயில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தலைமை வகித்தவர் அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர். லீஸ் ஃபெரி என்ற இடத்துக்கு மேலே உள்ள மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, அதற்குக் கீழே உள்ள கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் என்று பிரித்தார்கள். 1944 உடன்படிக்கையில் மெக்சிகோவுக்கு 15 லட்சம் சேர்ந்தது. அவர்கள் கையில் இருந்த வரத்துப் பதிவு இருபது ஆண்டுக்கும் குறைவு. அந்த ஆண்டுகளோ நல்ல ஈரமானவை. பின்னாளில் மர வளையங்களை எண்ணிப் பல நூற்றாண்டுகளின் வரத்தைக் கணித்தபோது, 1900களின் தொடக்கம் அந்த ஆற்றின் மிகச் செழிப்பான காலங்களில் ஒன்று என்று தெரிந்தது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்து மாதச் செலவுக்குத் திட்டம் போட்ட கதைதான்.

இரண்டாவது பள்ளத்துக்கு வருவோம்.

மேல்படுகையில் ஆண்டுக்குச் சராசரியாக 400 மில்லிமீட்டர் அளவில் மழையும் பனியும் விழுகின்றன. ஆற்றில் வரும் நீரை அந்தப் பரப்பு முழுவதும் சமமாகப் பரப்பினால் கிடைப்பது சுமார் 65 மில்லிமீட்டர். வானம் 100 கொடுத்தால் மண்ணும் மரமும் காற்றும் 84ஐ எடுத்துக்கொள்கின்றன, ஆற்றுக்கு வருவது 16. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்களே, ஆறு அந்த உழக்கு. எல்லாரும் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் ஆறு.

இந்த மிச்சத் தன்மைதான் எல்லாவற்றுக்கும் மூலம். வெப்பம் கூடியதால் 84 என்பது 86 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவியாதலில் இது இரண்டரை சதவீதம்கூட இல்லை. எந்தக் கருவியிலும் பிழை எல்லைக்குள் மறைந்துவிடும். ஆனால் 16 என்பது 14 ஆகிவிடும். ஆற்றுக்கு எட்டில் ஒரு பங்கு போயிற்று. மழை ஒரு சொட்டும் குறையவில்லை. மழையைக் குறைத்தாலும் இதே பெருக்கம் வேலை செய்கிறது: மழை ஒரு சதவீதம் குறைந்தால் வரத்து இரண்டு முதல் மூன்று சதவீதம் குறையும். படுகை எவ்வளவு வறண்டதோ, மிச்சம் எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கு இந்த உணர்திறன் கூடும். வானம் கொடுத்ததில் பாதிக்கு மேல் ஆற்றுக்கு விடும் ஈரமான மலைப் படுகையில் அதே இரண்டு அலகு பெரிதாகத் தெரியாது.

வெப்பம் அந்த இரண்டை எங்கிருந்து எடுக்கிறது? காற்று ஒரு பாகை சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் உறிஞ்சும் தாகம் அதோடு வளர்கிறது. வளர்பருவம் நீள்வதால் செடிகள் முன்னதாகவே குடிக்கத் தொடங்குகின்றன. பனியாக விழவேண்டியதில் ஒரு பகுதி மழையாக விழுகிறது. ஆனால் கொலராடோவில் இந்தச் சங்கிலியின் மிகப் பெரிய கண்ணி வேறு. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி. அது சீக்கிரம் உருகிவிட்டால் அடியில் இருக்கும் கருப்பு நிலம் அதே வெயிலை உள்வாங்கி, அந்த ஆற்றலில் ஈரத்தை ஆவியாக்குகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மில்லியும் டன்னும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கண்ணியைத்தான் மையமாக வைத்தது. அவர்கள் கணக்கில் ஒரு பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு ஆண்டு வரத்து சராசரியாக 9.3 சதவீதம் குறைகிறது. 660இல் 9.3 சதவீதம் என்றால் ஏறக்குறைய 61 டி.எம்.சி.; மேட்டூர் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு, பாகைக்குப் பாகை.

பாலைவனப் புழுதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கால்நடை மேய்ச்சலாலும் நிலம் கிளறப்படுவதாலும் எழும் புழுதி மலைப் பனிமேல் படிந்து அதைக் கருமையாக்குகிறது. உருகல் சுமார் மூன்று வாரம் முந்துகிறது, வரத்தில் 5 சதவீதம் அளவில் குறைகிறது. இது வெப்பமயமாதல் அல்ல, ஆனால் அதே கண்ணாடியைத்தான் உடைக்கிறது.

2021ஆம் ஆண்டு இதற்கெல்லாம் ஒரு பாடநூல் உதாரணம். அந்த ஏப்ரலில் மேல்படுகைப் பனியின் நீர் மதிப்பு சராசரியில் 80 முதல் 90 சதவீதம் வரை இருந்தது. பனியை மட்டும் பார்த்தவர்கள் சற்றே மோசமான ஆண்டு என்றுதான் எண்ணியிருப்பார்கள். மேல்படுகை நீரைத் தேக்கும் பவல் ஏரிக்கு வந்து சேர்ந்ததோ சராசரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. முந்தைய கோடையும் இலையுதிர் காலமும் கடும் வெப்பத்தோடு காய்ந்திருந்தன. மண் வறண்டு கிடந்தது. உருகிய பனி முதலில் மண்ணின் கடனை அடைத்தது, பிறகுதான் ஓடைக்கு வந்தது. வறட்சிக்கு நினைவாற்றல் உண்டு என்பது இதுதான். இந்த ஆண்டின் பனியை அளப்பவர்கள் போன ஆண்டின் மண் ஈரத்தையும் சேர்த்து அளக்கவேண்டியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாப் பழியையும் வெப்பத்தின் தலையில் போடுவதும் தவறு. ஆய்வாளர்கள் உடால், ஓவர்பெக் இருவரும் 2017இல் செய்த கணக்கில், 2000 முதல் 2014 வரை வரத்து பழைய சராசரியைவிட 19 சதவீதம் குறைந்திருந்தது. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கை, ஆறில் ஒன்றிலிருந்து பாதி வரை போகக்கூடிய இடைவெளியோடு, வெப்பத்துக்கு ஒதுக்கினார்கள். மீதி மழைக்குறைவு. வசந்த கால மழை குறைந்ததே முக்கியம் என்று காட்டும் ஆய்வுகளும் பின்னர் வந்தன. இவை ஒன்றையொன்று முற்றாக மறுப்பவை அல்ல. வசந்தத்தில் மேகமும் மழையும் குறைந்தால் வெயில் கூடுகிறது, செடிகள் பனி உருகிய நீரையே குடிக்கின்றன. மழை பழைய அளவுக்குத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். வெப்பத்தின் பங்கு மட்டும் ஒரே திசையில்தான் நகர்கிறது. திட்டமிடுபவருக்கு இந்த வேறுபாடு போதும்.

கணக்குப் போடுபவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. மழையை மட்டும் வைத்து வறட்சிக் குறியீடு போட்டால் வெப்பத்தின் கை தெரியவே தெரியாது. மழையிலிருந்து ஆவியாகும் தாகத்தைக் கழித்துப் பார்க்கும் குறியீடுதான் வேண்டும். ஆனால் அந்தத் தாகத்தை வெப்பநிலையை மட்டும் வைத்துச் சொல்லும் பழைய தோர்ந்த்வைட் சூத்திரத்தைப் போட்டால், எதிர்காலம் தேவைக்கு மேல் வறண்டு தெரியும். காற்றின் வேகம், கதிர்வீச்சு, ஈரப்பதம் எல்லாம் சேரும் பென்மன்–மான்டீத் முறைதான் ஒப்புக்கொள்ளத்தக்கது. கரியமில வாயு கூடும்போது இலைத்துளைகள் ஓரளவு மூடிக்கொண்டு நீரை மிச்சப்படுத்தும் என்பதையும் விட்டுவிடக் கூடாது. மிகைப்படுத்திய வறட்சிக் கணக்கு ஒருமுறை பொய்த்தால் அடுத்த முறை உண்மையான எச்சரிக்கையையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி ‘ஆபத்து’ என்ற சொல்லுக்கு எண் கொடுப்போம். முதலில் இயற்கை வரத்து வேண்டும். லீஸ் ஃபெரி அளவை நிலையத்தில் ஓடும் நீரோடு, மேலே பயிருக்கும் ஊருக்கும் செலவானதையும் அணைகளில் ஏறி இறங்கிய இருப்பையும் ஆவியானதையும் கூட்டிக் கழித்துத்தான் அது கிடைக்கும். அளவுகோலில் நேராகப் படிப்பது ஆறு அல்ல, ஆறும் மதகும் சேர்ந்த கலவை. பிறகு ஒரு வாசல் அளவு: ஆண்டுக்கு 435 டி.எம்.சி.க்குக் கீழே வந்தால் வறட்சி ஆண்டு என்று வைப்போம். பழைய சராசரி 662, ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, சுமார் 187. மணி வடிவப் பரவலில் போட்டால், ஓர் ஆண்டு வாசலுக்குக் கீழே விழும் வாய்ப்பு 11 சதவீதம்; ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை. சராசரியை மட்டும் 540க்கு இறக்கி, மற்றதைத் தொடாமல் விட்டால் வாய்ப்பு 29 சதவீதம் ஆகிறது. மூன்றரை ஆண்டுக்கு ஒருமுறை. இப்போது இரண்டு வறட்சி ஆண்டுகள் அடுத்தடுத்து வரும் வாய்ப்பைப் பாருங்கள்: 79இல் ஒன்றாக இருந்தது 12இல் ஒன்றாகிறது. சராசரி குறைந்தது 18 சதவீதம்தான். ஒற்றை வறட்சியின் ஆபத்து இரண்டரை மடங்கு கூடியது, இரட்டை வறட்சியின் ஆபத்து ஆறு மடங்குக்கு மேல் கூடியது.

இது எளிமைப்படுத்திய கணக்கு. ஒவ்வோர் ஆண்டும் முந்தையதற்குச் சம்பந்தமில்லாதது என்று எடுத்துக்கொண்டேன். 2021 காட்டியபடி அப்படி இல்லை. காய்ந்த மண் அடுத்த ஆண்டுக்கும் கடனைக் கொண்டுபோகும். ஆக, உண்மை இதைவிட மோசமாகத்தான் இருக்கும். ‘நூறாண்டில் ஒருமுறை வரும் வறட்சி’ போன்ற சொற்றொடர்கள் பரவல் நகராமல் நிற்கும் என்ற நம்பிக்கையில் பிறந்தவை.

சராசரியே நகர்வதால் வரும் இன்னொரு மயக்கமும் உண்டு. செய்தி படிப்பவர் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்க நீர்வளப் பணியகம் முன்பு 1981–2010 சராசரியோடு ஒப்பிட்டது, பிறகு 1991–2020க்கு மாறியது. பவல் ஏரிக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை வரும் நீரின் ‘சராசரி’ இதனால் 71.6 லட்சம் ஏக்கர் அடியிலிருந்து 63.9 லட்சமாக இறங்கியது. இப்போது 60 லட்சம் வந்தால் பழைய கணக்கில் 84 சதவீதம், புதிய கணக்கில் 94 சதவீதம். ஆற்றில் ஒரு குடம்கூட அதிகம் வரவில்லை, தலைப்புச் செய்தியில் மட்டும் வறட்சி தணிந்துவிடும். ‘சராசரியில் இத்தனை சதவீதம்’ என்று படித்தால் எந்த முப்பது ஆண்டின் சராசரி என்று கேட்க வேண்டும்.

இவ்வளவு குறைந்தும் இருபது ஆண்டு எப்படித் தள்ளினார்கள்? இங்கேதான் கொலராடோவும் காவிரியும் பிரிகின்றன. ஹூவர் அணையின் மீட் ஏரியும் கிளென் கேன்யன் அணையின் பவல் ஏரியும் சேர்ந்து 2,000 டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கும். ஆற்றின் மூன்று ஆண்டு வரத்துக்கு மேல். காவிரியில் கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி நான்கும் சேர்ந்து சுமார் 114, மேட்டூர் 93.47, கூட்டினால் ஆண்டு நீரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காவிரியில் குடகு மழை பொய்த்தால் அந்த ஆண்டே மேட்டூரில் தெரிந்துவிடும். கொலராடோவில் பற்றாக்குறை இருபது ஆண்டு ஏரிக்குள் ஒளிந்திருந்தது. பெரிய அணை ஆபத்தை நீக்கவில்லை, தள்ளிப்போட்டது. இருப்பு இருக்கும்வரை யாரும் பங்கைக் குறைக்க ஒத்துக்கொள்ள மாட்டார்கள். குறைக்க ஒத்துக்கொள்ளும் நாளில் இருப்பு இருக்காது.

2000 ஜனவரியில் மீட் ஏரி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,214 அடியில், ஏறக்குறைய நிரம்பி நின்றது. 2022 ஜூலையில் 1,040 அடி. கொள்ளளவில் கால் பங்கை ஒட்டிய இருப்பு. மட்டத்தை அடியில் படிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பள்ளத்தாக்கு மேலே விரிந்து கீழே குறுகுவதால் மேல் அடிகளில்தான் நீர் அதிகம். மேட்டூரிலும் இதுதான்: 120 அடியிலிருந்து 100 அடிக்கு இறங்கினால் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, நீரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி. கீழே போகப் போக ஒரே அளவு திறப்புக்கு மட்டம் இன்னும் வேகமாகச் சரியும். நெருக்கடி முற்றும்போது கால அவகாசமும் சுருங்குகிறது.

மட்டம் சரியும்போது முதலில் சட்டம் தடுக்கிறது, பிறகு இரும்பும் காங்கிரீட்டும். ஆண்டு முடிவில் மீட் ஏரி 1,075 அடிக்குக் கீழே இருக்கும் என்று கணிக்கப்பட்டதால் 2021 ஆகஸ்ட் 16 அன்று வரலாற்றில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. அரிசோனாவுக்கு 2022இல் 5.12 லட்சம் ஏக்கர் அடி வெட்டு: 22 டி.எம்.சி., அதன் பங்கில் 18 சதவீதம். கலிஃபோர்னியாவுக்கு அந்தச் சுற்றில் வெட்டே இல்லை. முதலில் வந்தவருக்கே முதல் உரிமை என்பது அங்குள்ள சட்டம். கொலராடோ நீரை அரிசோனாவின் உள்பகுதிக்குக் கொண்டுபோகும் நடு அரிசோனாக் கால்வாயோ 1968 சட்டத்தில் கலிஃபோர்னியாவுக்குப் பின்னால் நிற்க ஒப்புக்கொண்டு பிறந்தது. கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பாசன மாவட்டம் ஒன்றுக்கே 31 லட்சம் ஏக்கர் அடி உரிமை உண்டு, 135 டி.எம்.சி. படுகை முழுவதும் நீரில் பெரும்பங்கை வேளாண்மை குடிக்கிறது, அதிலும் குதிரைமசால் முதலான மாட்டுத் தீவனம். வெப்பம் கூடினால் குதிரைமசாலின் தாகமும் கூடும் என்பதால் ஆற்றின் வரவு குறையும் அதே நாளில் தேவையும் ஏறுகிறது.

லாஸ் வேகாஸ் மட்டும் முன்கூட்டியே கணக்குப் போட்டது. அதன் முதல் உறிஞ்சுகுழாய் 1,050 அடியில் இருந்தது. 2022 ஏப்ரலில் அது நீருக்கு வெளியே வந்துவிட்டது. அதற்குள் 860 அடியில் ஏரித்தரைக்கு அடியில் துளைத்த மூன்றாவது குழாயும் ஆழ நீரேற்று நிலையமும் தயார். 895 அடிக்குக் கீழே போனால் ஹூவர் அணையிலிருந்து ஒரு சொட்டும் கீழே இறங்காது. அப்போதும் அந்த நகரத்துக்கு நீர் வரும். பெரிய வறட்சித் தயாரிப்பு என்பது பெரும்பாலும் இப்படி ஓர் உயர எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான்.

மேலே கிளென் கேன்யனில் அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை. பவல் ஏரி 3,490 அடிக்குக் கீழே போனால் மின்சுழலிகளின் வாய்க்குக் காற்று புகும், அவற்றை நிறுத்தியாக வேண்டும். பிறகு நீர் வெளியேற மிச்சமிருப்பவை 3,370 அடி அளவில் உள்ள நான்கு குழாய்கள். அவை இடையிடையே திறப்பதற்குக் கட்டப்பட்டவை, ஆண்டு முழுவதும் ஓடுவதற்கு அல்ல. 2023 ஏப்ரலில் செயற்கை வெள்ளம் விட்டுச் சோதித்தபோது, தாழ்ந்த நீர்மட்டத்தில் வேகமாக ஓடிய நீர் குமிழி வெடிப்பால் குழாய்களின் உட்பரப்பை அரித்திருந்தது தெரியவந்தது. மட்டம் குறைந்தால் அழுத்தமும் குறைவதால் குழாய் விடக்கூடிய நீரும் குறையும். ஏரியில் தண்ணீர் இருந்தும் கீழ்ப்படுகைக்குத் தரவேண்டியதைத் தர முடியாத நிலை வரலாம். 1963இல் மதகை மூடி ஏரியை நிரப்பத் தொடங்கியவர்களின் வரைபடத்தில் இப்படியொரு ஆறு இல்லை.

தரவேண்டியது எவ்வளவு என்பதிலும் ஒரு முடிச்சு. மேல்படுகை மாநிலங்கள், தொடர்ந்த எந்தப் பத்து ஆண்டிலும் லீஸ் ஃபெரி வரத்து 7.5 கோடி ஏக்கர் அடிக்குக் கீழே குறையும்படி செய்யக் கூடாது என்கிறது 1922 ஒப்பந்தம். ‘குறையும்படி செய்யக் கூடாது’. அவர்கள் எடுத்ததால் குறையாமல் வெப்பம் எடுத்ததால் குறைந்தால் பொறுப்பு யாருடையது? மேல்படுகை, நாங்கள் செய்யவில்லை என்கிறது. கீழ்ப்படுகை, எண் எண்தான் என்கிறது. நூறாண்டாக நீதிமன்றம் இதற்கு விடை சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை, இதுவரை.

2022–23 குளிர்காலப் பெரும்பனி மூச்சுவிட இடம் கொடுத்தது. 2023 மே மாதம் கீழ்ப்படுகை மாநிலங்கள் 2026 முடிவதற்குள் 30 லட்சம் ஏக்கர் அடி மிச்சம் பிடிக்க ஒப்புக்கொண்டன. அதில் பெரும்பகுதிக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. நல்ல ஆண்டுகள் இனியும் வரும். சூடான காற்று கொண்டுவரும் பெருமழை இன்னும் பெரிதாகவே இருக்கும். சராசரி கீழே நகர்வதற்கும் நடுநடுவே வெள்ளம் வருவதற்கும் முரண் இல்லை.

இந்த இரண்டு ஏரிகளுக்கும் 2007இல் போட்ட இயக்க விதிகள் 2026 முடிவோடு காலாவதியாகின்றன. அடுத்த விதிக்கு முன்வைக்கப்பட்ட யோசனைகளில், நிலையான எண்ணை விட்டுவிட்டு, கடந்த மூன்று ஆண்டு இயற்கை வரத்தின் சராசரியில் குறிப்பிட்ட சதவீதத்தைத் திறப்பது என்பதும் ஒன்று. காவிரித் தீர்ப்பில் இடர்ப்பாட்டு ஆண்டுக்குச் சொன்ன விகிதாசாரப் பகிர்வின் அண்ணன் முறை இது. ஆறு சுருங்கினால் பங்கும் தானே சுருங்கும். எண்ணைத் திருத்த மறுபடி சாண்டா ஃபேயில் கூட வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில். இயற்கை வரத்து அளக்கப்படுவதில்லை, கூட்டிக் கழித்துச் செய்யப்படுகிறது. ஒவ்வொரு வயலும் எவ்வளவு குடித்தது, ஒவ்வோர் ஏரியிலும் எவ்வளவு ஆவியாயிற்று என்ற மதிப்பீடுகள் அதற்குள் இருக்கின்றன, இறுதிக் கணக்கு வரத் தாமதமும் ஆகும். இதுவரை 75 லட்சம் என்ற எண்ணுக்காக நடந்த சண்டை, இனி அந்தக் குதிரைமசால் வயலின் ஆவியாதல் மதிப்பீட்டுக்காக நடக்கும்.